தர்மாம்பாள் மாமியின் செம்பும் எங்கள் மழைக் கணக்கும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் போய்விட்டது. காகிதத்தை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மடித்து வைத்துவிடுவேன். ஏழாங்கிளாசோடு நின்றவன் எழுதுவதை யார் படிப்பார்கள் என்பது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம் இன்னொன்று. இதில் வருகிற அம்மாள் நித்தியப் பூஜை தவறாதவர். சாமி காரியத்தில் நடந்த ஒன்றைச் சிரிக்கச் சிரிக்க எழுதி அபசாரம் தேடிக்கொள்வானேன் என்று பயம்.

போன மாசம் கோயில் பிரகாரத்தில் ஓர் இளம் இஞ்சினீயர் என்னை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டார். நான் வேலை பார்த்த அதே ஆபீஸ். இப்போது மழை பெய்தால் நிமிஷத்துக்கு நிமிஷம் தானாகக் கோடு போட்டுக் காட்டும் மெஷின் வந்துவிட்டதாம். “அண்ணாச்சி, இது ஒண்ணுமே இல்லாத காலத்துல ஓடைக்கு அகலம் எப்படி முடிவு பண்ணுனீங்க? சும்மா கண்மதிப்பா?” என்று கேட்டார். கண்மதிப்பா என்று கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, பத்மநாப சுவாமியிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் நாஞ்சில் நாட்டில், சுசீந்திரத்துக்குப் பக்கம். திருவனந்தபுரத்தில் மராமத்து ஆபீசில் சர்வே சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தேன். முதல் வேலை வித்துரா ரோட்டில். அங்கே நான் கற்றது இரண்டு: சங்கிலியைத் தொய்யாமல் இழுப்பது, காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து எடுப்பது. பிறகு தம்பானூரில் பள்ளம் மேடு பார்க்கும் வேலை. அப்படியே கைப்பழக்கத்தில் மேஸ்திரி ஆனேன். படிப்பு அவ்வளவுதான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, பழைய சக்கரக் காசு போய் அணா வந்து, கடைக்காரர்கள் எல்லோரும் குழம்பிக் கிடந்த சமயம் கோபாலப் பணிக்கர் சார் எங்களுக்கு அஸிஸ்டெண்ட் இஞ்சினீயராக வந்தார். ஒடிசலான ஆள். வாயில் எப்போதும் ஒரு துண்டு சுக்கு. கோபம் வந்தாலும் குரல் ஏறாது, சுக்கு மட்டும் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போகும். அவரிடம் “நிறைய”, “கொஞ்சம்” என்ற இரண்டு வார்த்தைகளும் செல்லாது.

“சார், ராத்திரி மழை நிறைய” என்பேன்.

“நிறைய என்னு பறஞ்ஞா எத்ர, சிவதாணு பிள்ளே?”

நிறைய என்றால் எவ்வளவு? இந்தக் கேள்வி அவரிடம் வேலை பார்த்த காலமெல்லாம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சாம்பாரில் உப்பு நிறைய என்று வீட்டில் சொன்னால் என் சம்சாரமே “எத்ர?” என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அக்கிரகாரத் தெரு. தெரு மேட்டில் தொடங்கி, அடியில் பள்ளத்தில் முடியும். துலா மாச மழை, நம் ஐப்பசி மழை, வந்தால் நாலு தெருத் தண்ணீரும் அந்தப் பள்ளத்துக்கு வந்து, வீடுகளின் நடைக்குள் ஏறும். அங்கே புது ஓடை வெட்ட வேண்டும். பள்ளத்தில் பழைய ஓடையை ஒட்டினாற்போல ஆறுமுகம் பிள்ளை அண்ணாச்சியின் பூக்கடை. நம் ஊர்ப்பக்கத்து மனிதர், தோவாளைப் பூ வரவழைத்துக் கட்டுகிறவர். புது ஓடை மூன்று அடி அகலம் என்றால் கடை தப்பிக்கும். அதற்கு மேல் போனால் கடையைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்தால் வைக்க வேறு இடம் கிடையாது. ஆக, எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கணக்கில் அவருடைய பிழைப்பு இருந்தது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆனால் கணக்குப் போட என்ன இருந்தது? ஊருக்கெல்லாம் சேர்த்து மேட்டில் ஒரு மழைமானி. அதில் நாளைக்கு ஒரு தடவை பார்த்து எழுதுவார்கள். நாள் பூரா தூறினதா, ஒரு மணி நேரத்தில் கொட்டினதா என்று அதில் தெரியாது. ஓடைக்கு வேண்டியது அதுதான். தூறலுக்கு ஓடை வேண்டாம்.

பணிக்கர் சார் அதற்காக அழுதுகொண்டு உட்காரவில்லை. செப்புத் தகட்டில் செய்த இரண்டு மழைமானி வரவழைத்தார். மேலே புனல், உள்ளே குப்பி. குப்பித் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் எத்தனை அங்குல மழை என்று தெரியும். ஒன்றைச் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு மண்டி மாடியில் வைத்தோம். இன்னொன்றை அந்த அக்கிரகாரத்து மேட்டில், நான் முதலில் சொன்ன அம்மாள் தர்மாம்பாள் மாமி வீட்டுப் பின்கட்டு மொட்டை மாடியில். மழை எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்று கோட்டைவாசல் காவல்காரர் மணி பார்த்துச் சொல்லுவார். எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு மணிக்கு எவ்வளவு என்று சார் கண்டுபிடிப்பார்.

பெய்கிற மழை எல்லாம் ஓடைக்கு வருமா? வராது. மண் குடிக்கும். எவ்வளவு குடிக்கும் என்று பார்க்க ஒரு நாள் தெருவிலேயே சோதனை. கல் பாவிய இடத்தில் ஒரு குடம், செம்மண்ணில் ஒரு குடம், தென்னை மூட்டில் ஒரு குடம் என்று அளந்து ஊற்றி, சரிவுக்குக் கீழே வைத்த தகரப் பெட்டியில் வழிந்து வருவதை மறுபடி அளந்தோம். கல்லில் ஊற்றியது கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பி வந்தது. செம்மண் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. தென்னை மூட்டில் ஊற்றியது திரும்பியே பார்க்கவில்லை.

ஆறுமுகம் அண்ணாச்சி கடையிலிருந்து குரல் கொடுத்தார்: “ஓய் சிவதாணு! தெருவுக்கு அபிஷேகமாவே? அப்படியே அலங்காரத்துக்கு ஒரு மாலையும் வாங்கிக்கிடும். சர்க்கார் கணக்குல எழுதிக்கிடுதேன்.”

“மாலை அப்புறம் இருக்கட்டும். உம்ம கடைக்கு முன்னால ஒரு குடம் ஊத்தணும், கொஞ்சம் நகரும்.”

“ஊத்தும், ஊத்தும். எல்லாத்தையும் மண்ணு குடிச்சிட்டுன்னு எழுதும். உமக்குப் புண்ணியமாப் போகும்.”

சிரிப்பாகத்தான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

மழைமானி வைத்தது நவராத்திரி சமயம். நான் எந்தக் கருவியையும் வெறுமனே வைக்கிற வழக்கம் இல்லை. சங்கிலியானாலும், மட்டம் பார்க்கும் குழலானாலும், ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்துத்தான் எடுப்பேன். மாமி வீட்டு மாடியில் புதுச் செப்பு மழைமானியை நிறுத்திவிட்டு, அதற்கும் சந்தனம் தடவிப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, சின்னதாக ஒரு தேங்காய் உடைத்தேன். மாமி படிக்கட்டில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இதில் தப்பு என்ன இருக்கிறது? அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழையும் பிறந்தது. நான் தினம் காலை எட்டு மணிக்குப் பின்சந்து வழியாக மாமி வீட்டு வெளிப்படி ஏறி, குப்பியை எடுத்து, கண்ணாடிக் குழாயில் அளந்து, தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, சாலைக்குப் போய் அங்கேயும் அளப்பேன்.

நாலைந்து மழை ஆனதும் சாரின் சுக்கு கன்னம் மாற ஆரம்பித்தது. சாலையில் காட்டுகிற மழை அக்கிரகாரத்தில் காட்டவில்லை. இரண்டுக்கும் கூப்பிடு தூரம். தூறல் நாளில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கொட்டின நாளில் அக்கிரகாரம் குறையும். சார் யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார். கோயில் கோபுரம் உயரமல்லவா? கனமழை காற்றோடு வரும்போது கோபுரம் தடுத்து, அந்தத் தெருவுக்கு மட்டும் மழை குறைகிறது. ஒரு படமும் வரைந்தார். அம்புக்குறி எல்லாம் போட்டு, பார்க்க மிக அழகாக இருந்தது.

அந்தக் கணக்குப்படி மூன்று அடி ஓடை போதும் என்று வந்தது. செய்தி எப்படியோ ஆறுமுகம் அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. அன்றைக்குப் பத்மநாப சுவாமிக்கு ஒரு பெரிய துளசி மாலை கட்டிக் கொடுத்தார். “கோபுரம் காப்பாத்திட்டு பாத்தீரா!” என்று என் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தார். எனக்கும் சந்தோஷம்தான். பெருமாள் கோபுரம் ஓர் ஏழையின் கடையைக் காத்தது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

ஐப்பசி முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு நாள் எனக்கு வீட்டில் விசேஷம். சீக்கிரம் அளந்துவிட்டுப் போகலாம் என்று விடிந்தும் விடியாமல் மாமி வீட்டு மாடி ஏறினேன். முதல் நாள் நல்ல மழை.

மாடியில் மாமி. ஈரப்புடவை, மடி. புனலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குப்பியைச் சாய்த்து ஒரு சின்னச் செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தது.

“மாமி! என்ன செய்யிதீங்க?”

“வாங்கோ பிள்ளைவாள். இன்னிக்கு என்ன சீக்கிரம்? கிட்ட வராதீங்கோ, மடி.” குப்பியை நிமிர்த்தி, புனலை முன்போல ஜாக்கிரதையாகப் பொருத்தினார். “பூஜைக்குத் தீர்த்தம் எடுக்கறேன். ஐப்பசி மாசமோன்னோ? எல்லா ஜலத்துலேயும் கங்கை வாசம் பண்றா. அதுவும் இது ஆகாசத்துலேர்ந்து நேரா செப்புப் பாத்திரத்துல இறங்கினது. யார் கையும் படாதது. பெருமாளுக்கு இதைவிட ஒசத்தியா எங்கே கிடைக்கும்?”

“மாமி, தினம் எடுப்பீங்களா?”

“மழை பேஞ்ச நாளெல்லாம். ஏன், எடுக்கப்படாதா? நீங்கதானே சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டி, தேங்கா ஒடச்சுப் பிரதிஷ்டை பண்ணினேள்!”

“அது சர்க்கார் கருவி மாமி. மழை அளக்கது.”

“அளக்கறேள், பாத்தேனே. பால்காரன் பாலுக்குக் குழாய் விட்டுப் பாக்கற மாதிரி, மழை சுத்தமா இருக்கான்னு என்னமோ பாக்கறேள்னு நெனச்சேன். அதுக்கு ஒரு வாய் ஜலம் போறாதா? பாத்துட்டு மிச்சத்தைக் கீழே கொட்டிடறேள். ஐப்பசித் தீர்த்தம் சாக்கடைக்குப் போறதேன்னு எனக்கு வயிறு எரியும். அதான் நீங்க வரதுக்கு முன்னாடியே எடுத்துடுவேன்.”

நான் மாடிச் சுவரில் உட்கார்ந்தேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பிறகு நிதானமாகச் சொன்னேன். அந்தக் குப்பித் தண்ணீரை வைத்துத்தான் ஓடைக்கு அகலம் போடுகிறோம். தண்ணீர் குறைந்தால் ஓடை குறையும். ஓடை குறைந்தால் கனமழையில் இதே தெருவில் தண்ணீர் ஏறும்.

மாமி உடனே கேட்டது வேறு. “அப்போ ஓடை பெரிசானா? ஆறுமுகம் பிள்ளை கடை?”

“கடை போகும் மாமி.”

மாமி கையிலிருந்த செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டுப் பூஜைக்கு எத்தனையோ வருஷமாக ஆறுமுகம் அண்ணாச்சியின் பூதான். “நீங்க போங்கோ பிள்ளைவாள். பெருமாளைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார்.

நான் ஆபீசுக்குப் போய்ச் சாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று முழித்துக்கொண்டிருந்தேன். மாமி எதையும் என்னிடம் விடவில்லை. மத்தியானம், நல்ல வெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அந்தத் தெருவிலிருந்து ஒரு ஸ்திரீ எங்கள் ஆபீஸ் படி ஏறி நான் பார்த்ததில்லை. குமாஸ்தாக்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாமி நேரே சாரின் மேஜைக்குப் போய், பட்டுத் துணியில் சுற்றிய செம்பை அதன்மேல் வைத்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில், “உங்க கணக்குல குறையற ஜலம் இதுல இருக்கு” என்றார்.

சாரின் சுக்கு ஆடாமல் நின்றது. தினம் எவ்வளவு எடுப்பீர்கள், நிறைய என்று மட்டும் சொல்லக் கூடாது என்று மெதுவாகக் கேட்டார்: “ஓரோ திவசமும் எத்ர எடுக்கும், மாமி? நிறைய என்னு பறயருது.”

“நிறையத்தான் எடுப்பேன். செம்பு நிறைய. கழுத்துவரை.”

“சில திவசம் பாதி? முக்கால்?”

மாமி சாரை ஏற இறங்கப் பார்த்தார். “பெருமாளுக்குப் பாதிச் செம்பு வைப்பாளா? குப்பியைப் பாத்தாலே தெரியும். செம்பு நிறையாதுன்னா தொடவே மாட்டேன். கெணத்து ஜலம்தான் அன்னிக்கு.”

சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எனக்கு அப்போது புரியவில்லை, பிறகுதான் விளங்கியது. தூறல் நாளில் மாமி தொடவில்லை. ஆகவே அந்த நாள் கணக்கு சரி. கொட்டின நாளில் சரியாக ஒரு செம்பு குறைவு. ஆகவே அந்த நாளுக்கு ஒரு செம்பைக் கூட்டினால் போதும். எடுத்தாலும் ஒரே அளவாக எடுத்ததால் எங்கள் மாச உழைப்பு வீணாகவில்லை.

செம்பைக் கழுத்துவரை நிரப்பிக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினோம். பூஜைச் செம்பைச் சார் தொடவில்லை, மாமியே ஊற்றினார். முக்கால் அங்குல மழை! கொட்டின நாளுக்கெல்லாம் அதைக் கூட்டினோம். சாலைக் கணக்கும் அக்கிரகாரக் கணக்கும் அண்ணன் தம்பிபோலப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

சார் தாம் வரைந்த கோபுரப் படத்தை எடுத்துப் பார்த்தார். அம்புக்குறிகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். “பாவம் கோபுரம். அது ஒண்ணும் செய்தில்லா. நான்தான் வெறுதே குற்றம் பறஞ்ஞு.” கோபுரத்தின்மேல் வீண்பழி போட்டதைத்தான் அப்படிச் சொன்னார். என்னைப் பார்த்து, “சிவதாணு பிள்ளே, இனி மழைமானிக்குப் பொட்டு வேண்டா” என்றார்.

மறுநாளே மாமி வீட்டு மாடியில், மழைமானிக்குப் பக்கத்தில், ஒரு புதுச் செப்புப் பாத்திரம் வைத்தேன். சந்தனம், குங்குமம், சூடம், தேங்காய் எல்லாம் அதற்குத்தான். ஒன்று சர்க்காருக்கு, ஒன்று சாமிக்கு.

ஆனால் ஓடை நாலரை அடி என்று ஆகிவிட்டது. ஆழத்தைக் கூட்டலாமே என்று நானே கேட்டேன். அடியில் போய்ச் சேருகிற தோடு என்கிற பெரிய வாய்க்காலின் மட்டம் மேலே இருப்பதால் ஆழப்படுத்தினால் தண்ணீர் போகாமல் திரும்பி வரும் என்றார் சார். ஓடைமேல் பலகை போட்டுக் கடையை அங்கேயே வைக்கலாமே என்றால், அடைத்த ஓடையை எப்படித் தூர்வாருவது என்று திருப்பிக் கேட்டார்.

ஆறுமுகம் அண்ணாச்சியிடம் சொல்லப் போனது நான்தான். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பூக்கட்டும் நாரை அறுத்து எறிந்தார்.

“எனக்கு எதுவும் சொல்லாண்டாம். அந்த மாமி சாமிக்குத் தண்ணி எடுத்தா, சரி. வாயை மூடிக்கிட்டு இருந்தா என்னவே குடி முழுகிரும்?”

“தெருவே முழுகும் அண்ணாச்சி.”

“முழுகட்டும். நான் நீந்துவேன்.”

மறுநாளிலிருந்து மாமி வீட்டுக்குப் பூ போவது நின்றது. மாமி கொல்லை நந்தியாவட்டையைப் பறித்துப் பூஜை செய்தார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, தாமே பூக்கடைக்குப் போனார். தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் மட்டக்கம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றேன்.

“ஆறுமுகம் பிள்ளை, எங்காத்து வாசல்ல, திண்ணைக்கு வலதுபக்கம் ஒரு துண்டு இடம் சும்மா கிடக்கு. ஓடையும் வராது, சர்க்காரும் வராது. கடையை அங்கே கொண்டு வாரும்.”

அண்ணாச்சி நிமிரவில்லை. “உங்க வீட்டு ஐயர் சம்மதிப்பாரா?”

“அவரைக் கேட்டுட்டுத்தான் வரேன்.”

“என்ன சொன்னாரு?”

“தும்மல் வரும்னார். மல்லிகைக்குத் தும்மினா ஆயுசு கூடும்னு சொல்லிட்டேன்.”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கி, “வாடகை?” என்றார்.

“தினம் பெருமாளுக்கு ஒரு மொழம். அளந்து போடணும். நிறையன்னு சொல்லப்படாது, அந்த இஞ்சினீயர் கேட்டா கோச்சுப்பார்.”

ஓடை வெட்டிக் கல் கட்டி முடிந்தது. கடை மேட்டுக்கு வந்தது. அண்ணாச்சி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போகிற கூட்டம் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று தெரிந்தபின் முகம் தானாக இறங்கியது.

அடுத்த ஐப்பசியில் ஒரு பகல் வானம் கிழிந்தாற்போலக் கொட்டியது. அப்படி ஒரு மழை அந்தத் தெருவில் கண்டதில்லை என்று பெரியவர்களே சொன்னார்கள். நானும் பணிக்கர் சாரும் குடை பிடித்துக்கொண்டு ஓடினோம். நாலு தெருத் தண்ணீரும் செம்மண் நிறத்தில் ஓடைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. விளிம்புக்கு ஏறுகிறது, ஏறுகிறது. என் வாய் நாராயணா நாராயணா என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சாரின் சுக்கு எந்தக் கன்னத்தில் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அவரும் ஏதோ முணுமுணுத்தார். அதுவும் நாமமாகத்தான் இருக்கும்.

ஆறுமுகம் அண்ணாச்சி தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். பழைய கடை இருந்த இடத்துக்கு நேரே குனிந்து, விளிம்பிலிருந்து தண்ணீர்வரைக்கும் கையை வைத்துப் பார்த்தார்.

“சார், இன்னும் ஒரு சாண் இருக்கு!” என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, “ஓய், மூணடி போட்டிருந்தா?” என்றார்.

“கடை இருந்திருக்கும் அண்ணாச்சி. வியாபாரத்துக்குத்தான் தோணி வேணும்.”

அவர் நனைந்தபடியே மேலே ஏறிப் போனார். மாமி வாசல்நடையில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கடைக்குள் கையை விட்டு, நல்லதாக ஒரு மல்லிகைச் சரத்தை எடுத்து, அளக்காமலே, தாம்பாளத்தில் வைத்து அவர் முன்னால் நீட்டினார்.

“மொழம் எத்தனை?” என்று மாமி கேட்டார்.

“நிறைய” என்றார் அண்ணாச்சி.

அந்த ஓடை இன்றைக்கும் இருக்கிறது. ஐம்பத்தாறில் எங்கள் நாஞ்சில் நாடு மதராஸோடு சேர்ந்தபோது நான் இங்கேயே இருந்துவிட்டேன். சாரும் மாமியும் அண்ணாச்சியும் பெருமாள் திருவடி சேர்ந்துவிட்டார்கள். இதைப் படித்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை உங்கள் பிள்ளைகளுக்கோ, ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கோ சொல்லுவதானால் தாராளமாகச் சொல்லுங்கள், வயிறு குலுங்கச் சிரியுங்கள், மாமியும் சிரிப்பார். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மழைத் தண்ணீரை ஓர் அம்மாள் எடுத்துக்கொண்டார் என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். அதை அவரே வெயிலில் நடந்து வந்து சொன்னார் என்பதையும், செம்பு நிறையாத நாளில் தொடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.